ஏழாம் நம்பர் நாற்காலிக்கு ஒரு விளக்கம்

கோவில்பட்டி,
9.9.2025

பெருமதிப்பிற்குரிய மச்சான் அப்துல் சுபஹான் அவர்களுக்கு மச்சினன் ஹாரூன் எழுதிக்கொண்டது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நஸீமாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே ஷாஹினா அக்கா, பெயின்ட் கடை, உங்கள் இடது முழங்கால் மூன்றும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இந்தா இருக்கிற கயத்தாற்றுக்கு எதற்குத் தபால் எழுதுகிறான் என்று தபால்காரர் கேட்கலாம், நீங்கள் கேட்க முடியாது. என் நம்பரை பிளாக் செய்தீர்கள். நஸீமா போனிலிருந்து அடித்தேன், அதையும் செய்தீர்கள். மூத்தவனின் காலேஜ் சிநேகிதன் போனிலிருந்து அடித்தேன், நான் 'மச்சான்' என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளையும் பிளாக். சரி நேரிலேயே போவோம் என்று கடைக்கு வந்தால், உள்ளேயிருந்து "நான் ஊர்ல இல்லன்னு சொல்லுங்க" என்று நீங்களே சொன்னது ரோட்டில் நின்ற எனக்கே கேட்டது. தபாலாபீஸை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை என்கிற ஒரே தைரியத்தில் இதை எழுதுகிறேன். கிழிக்கிறதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "ஏலே ஹாரூன், முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்துக்கு நீ செஞ்ச மரியாதை இதானா? என் சேர்ல ஆட்டுக்காரப் பெரியவர் ஒருத்தரை உக்கார வச்சிட்டு நீ எங்கலே போன? இனிமே நீ எனக்கு மச்சினன் இல்ல." பதினேழு நாளாக இதைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன். சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நஸீமா சிரிப்பாள், சோறு இறங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நல்ல பாட்டைக் கேட்டுவிட்டு உங்களுக்கு அடிக்கக் கை போய், பிளாக் என்பது ஞாபகம் வந்து திரும்புகிறது பாருங்கள், அந்தக் கஷ்டம் எனக்குத்தான் தெரியும். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். கேட்டபிறகும் நான் மச்சினன் இல்லை என்றால் சரி, உங்கள் இஷ்டம்.

முதலில், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். கார்த்திகேசன் அண்ணாச்சி இந்தப் புதூர்க் கோயில் கொடையோடு பாடுவதை நிறுத்தப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் கொடைக் கமிட்டி குருசாமி உங்களுக்காக முதல் வரிசையில் ஏழாம் நம்பர் நாற்காலிக்குப் பாஸ் எடுத்து வைத்தார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை, புதூர் ரோட்டுக் குழியில் கார் இறங்கி ஏறினால் தையல் பிரிந்துவிடும் என்று அக்கா அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்களே, மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாப்பிள்ளையைப் பார்ப்பானே, அப்படி. "மணியாச்சிப் பாட்டை முழுசாக் கேட்டுட்டு வந்து எனக்கு வரி வரியாச் சொல்லணும்" என்றீர்கள். நானும் வாக்குக் கொடுத்தேன். அந்தப் பாட்டு என்ன சாதாரணப் பாட்டா? மணியாச்சி ஜங்ஷனில் ரயில் மாற இறங்கியவன், மாறவேண்டிய ரயில் வராமல் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற ரயிலையெல்லாம் எண்ணுகிற பாட்டு. அண்ணாச்சியே எழுதி, அண்ணாச்சியே மெட்டுப் போட்டு, கச்சேரி முடிவில் மட்டும் பாடுவது. ஒருத்தரையும் பதிவு செய்ய விட்டதில்லை, "கேக்கணும்னா வாங்க" என்பார், அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்றில் எட்டயபுரம் பக்கம் ஒரு கொடைக்கு ஒரே சைக்கிளில் போய் நாம் முதல் தடவை அதைக் கேட்டோம். திரும்பி வரும்போது பாதி வழியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, "ஹாரூனு, உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரலாமா?" என்று கேட்டீர்கள். அந்தப் பாட்டு இல்லையென்றால் நீங்கள் எனக்கு மச்சானே இல்லை. அதை நான் அசட்டையாக விடுவேனா, சொல்லுங்கள்.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். 'ஏசி ரூம்ல உக்காந்து போன்ல பேசுதான்' என்று நீங்கள் சம்பந்தக்காரர்களிடம் சொல்வது எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியின் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இவற்றில் எது கெட்டாலும் தென்மாவட்டத்து ஜனங்கள் கட்டணமில்லாத ஒரு நம்பருக்கு அடிப்பார்கள், அடித்தால் நான் எடுப்பேன். ஒவ்வொரு அழைப்பையும் மெஷின் பதிவு செய்யும். கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தில் ஒருவர் அதைக் கேட்டு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். ஆறு நிமிடத்துக்குள் அழைப்பை முடிக்கவேண்டும் என்பது சட்டம். ஆறு நிமிடத்தில் நம் ஊரில் என்ன மச்சான் முடியும்? 'வணக்கம், நான் ஹாரூன் பேசுகிறேன், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்' என்று நான் பாடம் ஒப்பித்ததும் எதிர்முனையில் "ஹாரூனா? எந்த ஹாரூன்? சபியுல்லா மவனா? உங்க அத்தா கடையிலதான் நான் கல்யாணத்துக்குச் சட்டைத் துணி எடுத்தேன்" என்று ஆரம்பிக்கும். அது முடிய மூன்று நிமிடம். பிறகு மிக்ஸி. பிறகு வைக்கும்போது "மழை உண்டா அங்கன?" என்பார்கள். நம் கரிசல்காட்டுக்காரர்கள் மழை கேட்காமல் போனை வைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் பதில் சொல்லி, அங்கே உண்டா என்று திருப்பிக் கேட்பேன். கேட்காவிட்டால் மரியாதையில்லை. கோயம்புத்தூர்க்காரர் அதற்கு 'தேவையற்ற வானிலைப் பேச்சு' என்று எழுதி ஐந்து மார்க்கைக் குறைப்பார். இதற்கிடையில் காத்திருப்போருக்கு ஒரு இசை ஓடும். பத்து விநாடி டிங் டிங் என்று அடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து டிங் டிங். எட்டு வருஷமாக அதே பத்து விநாடி. சுதி சேராத வாத்தியத்தைக் கேட்டால் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகிற ஆள் நான் என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவனை அந்த டிங் டிங்கோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பதினோராம் விதி. வாடிக்கையாளர்தான் முதலில் போனை வைக்கவேண்டும், நாம் வைக்கக்கூடாது, எடுத்த அழைப்பைப் பத்து நிமிடத்துக்கு மேல் இன்னொருவரிடம் விடவும் கூடாது. மூன்று தடவை வைத்துவிட்டால் போனிலிருந்து எடுத்துக் குடோனில் அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. ஒன்று தும்மியபோது விரல் பட்டது. இன்னொன்று, கிரைண்டர் மாவு சரியாக ஆட்டவில்லை என்று நாற்பது நிமிடம் பேசியவர் கடைசியில் அது வேறு கம்பெனி கிரைண்டர் என்றார், அப்போது விரல் தானாகப் போனது. பதினோராம் விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மறுமுனையில் தொடர்ந்து மூன்று நிமிடம் சத்தமே இல்லாவிட்டால் நாம் வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் இருபத்து மூன்று, சனிக்கிழமை. நாலரைக்குக் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தேன். எங்கள் டீம் லீடர் சுடலைச்செல்வி, இருபத்தாறு வயசுப் பிள்ளை, சட்டம் பேசும், ஆனால் மனசு நல்ல மனசு. "போயிட்டு வாங்க அண்ணாச்சி, எனக்கும் சேத்துக் கேளுங்க" என்றது. புதுச்சட்டை போட்டிருந்தேன். பைக்குக்கு பெட்ரோல் போட்டாயிற்று. பாஸ் சட்டைப்பையில் இருந்தது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாலு பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆறு நிமிடம்தானே, எடுத்துவிட்டுப் போவோம் என்று எடுத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

"வணக்கம், நான் ஹாரூன் பேசுகிறேன், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"ஆடு கடிச்சிட்டு."

"ஐயா, இது மிக்ஸி கம்பெனி."

"தெரியும் தம்பி. மிக்ஸி வயரைத்தான் கடிச்சிட்டு. குட்டி கடிச்சாலும் சரின்னு விடலாம். இது நல்லா வெவரம் தெரிஞ்ச வெள்ளாடு."

பெயர் கடற்கரை, ஊர் புதூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர், ஆடு வளர்க்கிறவர். ஆட்டுக்கு ஷாக் அடிக்கவில்லையே என்று கேட்டேன். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாராம், ஆடு சுகம். கம்ப்யூட்டரில் வயர் சேதத்துக்கு எலி, தண்ணீர், தீ, மற்றவை என்று நாலே காரணம்தான் இருக்கிறது. எலி என்று போட்டுக்கொள்கிறேன் ஐயா, கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றேன். "எலின்னு எழுதாத தம்பி. மெக்கானிக் வந்து எங்க வீட்டுல எலி கெடக்குன்னு ஊர் பூராச் சொல்லிருவான். சுந்தரம்மா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா" என்றார். சுந்தரம்மாள் அவருடைய வீட்டுக்கார அம்மா. சரி, மற்றவை என்று போட்டு, திங்கட்கிழமை மெக்கானிக் வருவார் என்று சொல்லி, யார் மவன் என்பதைச் சொல்லி, மழையைப் பேசி, நாலு இருபத்தைந்துக்கு அவர் "சரி தம்பி, வச்சிருதேன்" என்றார். நானும் எழுந்து நின்று ஹெட்செட்டைக் கழற்றக் கையை வைத்தேன்.

வைக்கவில்லை, மச்சான். வைத்துவிட்டதாக நினைத்துப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டார். துணி உரசுகிற சத்தம், அவர் மூச்சு, பிறகு "ஹேய், ஹேய்" என்று ஆட்டை அதட்டுவது. நான் "ஐயா, ஐயா, போனை வையுங்கள்" என்று கத்தினேன். பைக்குள்ளிருந்து கத்தினால் அவருக்கு எங்கே கேட்கும்? எங்கள் அறையிலிருந்த பதினாலு பேருக்கும்தான் கேட்டது. சரி, மூன்று நிமிட விலக்கு இருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. இரண்டு நிமிடம் சத்தமில்லை. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் ஒரு ஆடு மே என்றது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். இரண்டே முக்காலில் இன்னொரு ஆடு. அந்த ஆடுகளை யாரோ கோயம்புத்தூரில் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கவேண்டும். ஒருதரம்கூட மூன்று நிமிடம் விடவில்லை. சுடலைச்செல்வி ஓடிவந்து, "அண்ணாச்சி, நீங்களாக் கட் பண்ணிராதீங்க, மூணாவது ஆயிரும். நான் எச்.ஓ.வுக்கு மெயில் போட்டுக் கேக்கேன்" என்றது. முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'விதி எண் 11ஐப் பார்க்கவும்.'

ஐந்தரைக்கு நான் உட்கார்ந்துவிட்டேன். கச்சேரி ஆறு மணிக்கு, இனி பறந்து போனாலும் தொடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. பாஸை எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தொன்பது வயசில் மிக்ஸி வயருக்காக அழுகிறேனே என்று அதற்கும் சேர்த்து வந்தது. அந்த நேரத்தில் பைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்: "இந்த அழுக்குச் சட்டையோடயா கச்சேரிக்குப் போவீக? மாத்திட்டுப் போங்க." சுந்தரம்மாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதூர்ப் பக்கத்தில் அன்றைக்கு இன்னொரு கச்சேரி ஏது? சட்டையை மாற்றும்போது போனை வீட்டில் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் துணி உரசல். புதுச்சட்டைப் பையிலும் போன் ஏறிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. நடக்கிற செருப்புச் சத்தம், சர்பத் கடை, பலூன்காரன் பீப்பி, "ஹலோ மைக் டெஸ்டிங்." பிறகு ஒரு தொண்டர் குரல், "பெரியவரே, எதுக்கு நிக்கீக? முன்னால ஏழாம் நம்பர் சேர் காலியா கெடக்கு, அந்த ஆளு வரலை. உக்காருங்க." மச்சான், நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். உங்கள் நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்தார். அவர் பையில் நான். ஆக, அந்தப் பெரியவரை நான் உட்கார வைக்கவில்லை, பாஸை யாருக்கும் தூக்கிக் கொடுக்கவுமில்லை. பாஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன், கிழிக்காத பாஸ். நீங்களோ அன்றைக்குக் காலுக்குக் கட்டு மாற்றத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததாக அக்கா சொன்னாள். யாரோ பாதியைப் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் கோள் சொல்லியிருக்கிறார்கள். குருசாமியாக இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர்களுக்கு அல்லாஹ் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

ஆறு மணிக் கச்சேரி வழக்கம்போல ஆறே முக்காலாகியும் தொடங்கவில்லை. மஃரிப் தொழுகைக்கு நேரமானதால் ஹெட்செட்டைச் சுடலைச்செல்வி தலையில் மாட்டிவிட்டு ஸ்டோர் ரூமில் தொழுதுவிட்டு வந்தேன். "ஒண்ணும் போகல அண்ணாச்சி, சேருக்கு யாரோ தகராறு பண்ணினாங்க, பெரியவரு விட்டுக்குடுக்கல" என்று சொல்லித் திருப்பித் தந்தது. பிறகு அண்ணாச்சி பாட ஆரம்பித்தார். எழுபத்திரண்டு வயசு. மேலே போகும்போது குரல் கொஞ்சம் பிசிறுகிறது, அதை மறைக்காமல் பிசிறோடேயே பாடுகிறார், அதுவும் ஒரு அழகாகத்தான் இருக்கிறது. குறை ஒன்றுதான். கடற்கரை ஐயா எல்லாப் பாட்டுக்கும் கூடவே பாடினார். போன் அவர் நெஞ்சுக்கு மேல் இருப்பதால் அண்ணாச்சி பக்கவாத்தியம் மாதிரியும் இவர் மெயின் பாடகர் மாதிரியும் கேட்டது. சுதி அவருக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பந்தியில் எழுந்து போகிறவன் நான், அன்றைக்கு அசையவில்லை. சுடலைச்செல்வியும் இன்னொரு ஹெட்செட்டைச் சொருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணாச்சி மைக்கில், "கடைசிப் பாட்டுக்கு வந்தாச்சு. எல்லாரும் செல்போனை அணைச்சு வைங்கய்யா" என்றார். என் உயிர் போய்விட்டது. கடற்கரை ஐயா சொன்னதைக் கேட்கிற மனுஷன். போனைப் பையிலிருந்து எடுக்கிறார், சர்ரென்று சத்தம் பெரிதாகிறது. மூன்றரை மணி நேரமாக வையுங்கள் வையுங்கள் என்று மன்றாடியவன், "ஐயா, வச்சிராதீங்க, கும்பிட்டுக் கேட்கிறேன், வச்சிராதீங்க" என்று அலறினேன்.

"ஏ, யாரு? மிக்ஸித் தம்பியா? இன்னுமா லைன்ல இருக்க?"

"ஆமாய்யா. நீங்க வைக்கல. நான் வைக்கக்கூடாது."

"அடப்பாவி. சாயங்காலத்துல இருந்து எஞ்சட்டைக்குள்ளயா இருந்த? சாப்பிட்டியா?"

"ஐயா, அந்தக் கடைசிப் பாட்டு. அதுக்காகத்தான் நானே அங்க வாரதா இருந்தேன். எங்க மச்சானுக்கும் எனக்கும் அது உசுரு."

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "அணைக்கச் சொல்லுதாரு, அணைச்சாத்தான் மரியாதை. ஆனா நீ ஆளு, செல்போனு இல்லையே. பைக்குள்ளயே இரு, சத்தம் போடாம கேளு" என்றார். திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பாட்டுக்கு மட்டும் அவர் கூடப் பாடவில்லை, மச்சான். எனக்காகத்தான் பாடவில்லை. நான் முழுதாகக் கேட்டேன். மூன்றாம் சரணத்தில் அந்த ஆள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கும் இடத்தில் அண்ணாச்சி நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு பாடி முடித்தார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன், சுடலைச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. ஐயா போனை எடுத்து, "கேட்டியா தம்பி? இங்கன மழை வாரமாதிரி இருக்கு. நிசமாவே வச்சிருதேன்" என்று சொல்லிச் சரியாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். எட்டு ஐந்து. மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடம். அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து மார்க் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஐந்து மார்க் மழைக்குப் போனது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் எல்லா அழைப்பும் பதிவாகும் என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் உலகத்திலேயே மணியாச்சிப் பாட்டின் ஒரே பதிவு கோயம்புத்தூரில், மிக்ஸி புகார்களுக்கு நடுவில் கிடக்கிறது. முதல் வேலையாக அண்ணாச்சி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மிக்ஸிக்காரங்க பிடிச்சா நான் என்ன செய்ய? வச்சுக்கிடுங்க, ஊர் பூரா அனுப்பாதீங்க" என்றார். ஆனால் கம்பெனி கொடுக்கவேண்டுமே. வாடிக்கையாளர் ஒரு புகார் கொடுத்தால், அவர் கேட்டால், அவருக்குத்தான் கொடுப்பார்கள். நாற்பத்தைந்து நாளில் அழித்தும்விடுவார்கள். சரி என்று புதூருக்குப் போய்க் கடற்கரை ஐயாவைப் பார்த்து, என்மேல் ஒரு புகார் கொடுங்கள் என்றேன். நானே எழுதியும் கொண்டுபோயிருந்தேன்: 'ஹாரூன் என்பவர் மரியாதையில்லாமல் பேசினார், கடுமையான நடவடிக்கை எடுக்கவும்.' ஐயா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாலு மணி நேரம் எஞ்சட்டைக்குள்ள பொறுமையா இருந்த பிள்ளை மேல நான் பொய் சொல்லவா? எனக்கு ஆடு குட்டி இருக்கு தம்பி, அதெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? கம்பெனிக்கு அடித்து, ஹாரூன் தங்கமான பிள்ளை என்று பாராட்டுப் பதிவு செய்துவிட்டார். பாராட்டுக்கெல்லாம் பதிவு கொடுக்க விதியில்லை.

ஆகவே மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வலது காலை. கோபத்தை விட்டுவிட்டு என் நம்பரைத் திறந்துவிடுங்கள். புகார் விஷயத்தில் உங்களை மிஞ்ச நம் ஜில்லாவில் ஆளில்லை, கரண்ட் ஆபீஸ் முதல் கல்யாண மண்டபம் வரை உங்கள் புகார் போகாத இடமில்லை. நாம் இருவரும் ஞாயிற்றுக்கிழமை புதூர் போவோம். என்மேல் புகார் சொல்வது எவ்வளவு நியாயம் என்று நீங்கள் ஐயாவிடம் மனம்விட்டுப் பேசுங்கள், இந்தப் பதினேழு நாளில் உங்களிடம் அதற்குக் குறைவிருக்காது. பதிவு கிடைத்ததும் நாம் இருவரும் சேர்ந்து கேட்போம். அந்தப் பாட்டை உங்களோடு கேட்காமல் நான் கேட்டது இந்த ஒருதடவைதான், அது எனக்குப் பாதிதான் இனித்தது.

அக்காவுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா பேச்சைக் கேட்டு ஓய்வாக இருங்கள், அலையாதீர்கள். உங்கள் மனமும் கடையும் வீடும் குளிர்ந்திருக்க அல்லாஹ் அருள்புரியட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மச்சினன் என்றே நம்பிக்கொண்டிருக்கும்
ஹாரூன்

பி.கு. (10.9.2025, பகல் இரண்டு மணி): உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கடற்கரை ஐயா கம்பெனிக்கு அடித்து, ஹாரூன்மேல் கொடுக்கமாட்டேன், ஆனால் கொடுக்கவேண்டிய புகார் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சுடலைச்செல்வி 'மற்றவை' என்று போட்டுப் பதிந்து, ஐயாவுக்குப் பட்டன் போன் என்பதால் அவர் சொன்னபடி பதிவை என் போனுக்கே வரவழைத்துவிட்டது. நமக்குள் சமாதானம் பேச இன்று காலை ஷாஹினா அக்கா இங்கே வந்திருந்தாள். அக்காவும் நஸீமாவும் நானும் சுற்றி உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டோம். நான் தொழப் போயிருந்த நேரத்தில் ஒருவர் வந்து, "பெரியவரே, எந்திரிங்க, இது என் சேரு. அப்துல் சுபஹான்னு கமிட்டில கேட்டுப் பாருங்க" என்கிறார். "அப்துல் சுபஹானுக்கு முழங்கால் ஆபரேஷன், எந்திரிக்கவே மாட்டாராம், கமிட்டில சொல்லித்தான் என்னைய உக்கார வச்சாக. நீரு யாருய்யா, கம்பை ஊனிக்கிட்டு அவரு பேரைச் சொல்லி ஏமாத்துதீரு?" என்கிறார் ஐயா. அதுதான் புகார். அக்கா அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரி என்று ஒருதரம் சொன்னாள். சோறு வேண்டாம் என்று சொல்லி ஒன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நம் தபால் கயத்தாறு வர மூன்று நாளாகும் என்பதால் இதை நீங்கள் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். மேலே எழுதிய கெஞ்சலையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், மச்சான். பிளாக்கை எடுப்பதும் எடுக்காததும் இனி உங்கள் பாடு, எங்கள் வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.